பார்த்தவுடன் சொல்லிவிடலாமா?

"என்னடி இப்படி இளைச்சுட்டே!" "வெயில்லயே சுத்தினியா? கறுத்துப் போயிட்டியே!" "முகத்துல என்ன இத்தனை பரு?" கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளன்று வாயிலருகே சிறிது நேரம் நின்று கேட்டால், வணக்கத்திற்கும் முன்னதாகக் காதில் விழும் சொற்கள் இவைதாம். கல்யாண வீட்டிலும் இதே கதை. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால், பெருங்களத்தூர் வருவதற்குள் யாராவது ஒரு தெரிந்த ஆன்ட்டி நம்மைத் தலை முதல் கால் வரை பார்த்து ஒரு தீர்ப்பு வழங்கிவிடுவார்.

பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், இருவர் பேசும்போது குறுக்கே நடக்கக்கூடாது, கொட்டாவி வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் நமக்கு நீதிபோதனை வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பிறருடைய தோற்றத்தைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு எந்த வகுப்பிலும் பாடம் இல்லை. அதனால்தான் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இதை எழுத முன்வந்தோம். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தோம். ஆனால் முதலில் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் உபதேசமாகிவிடும் என்று பட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பூசணி'. அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். ஆகவே அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது அவள் மெலிந்திருந்தாள். அடுத்த சில வாரங்களில் இன்னும் மெலிந்தாள். சீருடை பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள் போட வேண்டியதாயிற்று. எங்களுக்கு ஒரே வியப்பு! "சூப்பரா இருக்கேடி, எப்படிக் குறைச்சே? எங்களுக்கும் சொல்லேன்" என்று நாள் தவறாமல் கேட்டோம். எங்களில் இருவர் அவளைப் பார்த்து மதியச் சாப்பாட்டைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். அவள் மதியத்திற்குள் மூன்று பாட்டில் தண்ணீர் குடித்ததும், ஒவ்வொரு பீரியடிலும் அனுமதி கேட்டு வெளியே போனதும், கடைசி வகுப்பில் தலை சாய்த்துத் தூங்கியதும் எங்கள் கண்ணில் படாமலில்லை. பட்டதற்கு நாங்கள் செய்தது, 'தண்ணித்தொட்டி' என்று இன்னொரு பெயர் வைத்ததுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் பரிசோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை மிக மிக அதிகமாக இருந்தது. முதல் வகை நீரிழிவு நோய் என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 3 நாள் இருந்தாள். "எத்தனை நாளாக இளைக்கிறாள்?" என்று டாக்டர் கேட்டபோது, "ரெண்டு மாசமா இருக்கும் டாக்டர். எல்லாரும் இப்பத்தான் நல்லா இருக்கான்னு சொன்னாங்களே" என்று சொல்லி அவள் அம்மா அழுதார்களாம்.

இந்த நோய் வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதி போன்றதன்று. நம் உடலின் தற்காப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் உண்ட உணவின் சர்க்கரை உடலுக்குப் பயன்படாமல் இரத்தத்திலேயே தங்கிச் சிறுநீரில் வெளியேறும். அதோடு நீரும் போவதால் தாகம் அடங்காது. உடல் பசிக்குத் தன் கொழுப்பையும் தசையையுமே எடுத்து எரிக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் இளைப்பது அதனால்தான். மிட்டாய் அதிகம் தின்றதால் வருவதன்று. அவள் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடும்வரை இந்நோய்க்கு மருந்தே இருக்கவில்லை. ஏறக்குறைய எங்கள் வயது!

அவளுக்கே சோர்வாக இருந்தது தெரிந்திருக்கிறது. ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டோம். "சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க, டானிக் கொடுப்பாங்க, மறுபடியும் பூசணியாயிடுவேனோன்னு பயம்" என்றாள். நாங்கள் வாயடைத்துப் போனோம். (இதையெல்லாம் அவள் அனுமதியோடுதான் எழுதுகிறோம். அவள் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தியும் தந்தாள்.)

நிற்க. தோற்றத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் தீய எண்ணத்தால் வருவது என்று நாங்கள் சொல்லவில்லை. பாட்டி நம்மைப் பார்த்ததும் "இளைச்சுட்டியே கண்ணு" என்றால், அதற்கு "வா, சாப்பிடு" என்றே அர்த்தம். நாம் உண்மையில் இரண்டு கிலோ கூடியிருந்தாலும் பாட்டி கண்ணுக்கு இளைத்துத்தான் இருப்போம்! உணவுக்குப் பஞ்சம் இருந்த காலத்தில் பருமன் என்பது வீட்டின் நிறைவைக் காட்டியது. அந்தச் சொல் இன்னும் அன்பின் சொல்லாகவே பாட்டிகளின் நாவில் இருக்கிறது.

நம் முன்னோரிடம் இதற்கென ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கைக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் "எவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள். குழந்தையின் கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டும் வைப்பார்கள். கண் படுவதில் நமக்கு நம்பிக்கை இருக்கவேண்டும் என்பதில்லை. சிஸ்டர் அதை ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். ஆனால் புகழ்ச்சியும் ஒருவரைத் தொட்டு வருத்தக்கூடும் என்பதை அந்தப் பாட்டிமார்கள் எப்படியோ அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது. நாங்கள் எங்கள் தோழிக்குச் செய்த தீங்கைப் பாருங்கள்: 'பூசணி' என்ற கேலியைவிட 'சூப்பரா இருக்கே' என்ற பாராட்டுத்தானே அவளை வாய் திறக்க விடாமல் செய்தது!

இனிப் பட்டப்பெயர்கள். ஒட்டடைக்குச்சி, குண்டு, நெட்டை, குள்ளச்சி, சோடாபுட்டி, எத்துப்பல், கரிச்சட்டி... எழுதவே கை கூசுகிறது; ஆனால் இவை ஒவ்வொன்றும் நம் பள்ளி மைதானத்தில் கேட்டவைதாம். திரைப்படம் பார்த்துக் கற்றோம் என்று சிலர் சொல்வார்கள். கவுண்டமணி, செந்தில் நகைச்சுவைக் காட்சிகளில் செந்திலின் உருவத்தைக் கேலி செய்யாத காட்சிகளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தவர்களே. ஆனால் அங்கே இருவரும் நடிகர்கள். வேலை முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் கேலிக்கு ஆளாகிறவள் வேடத்தைக் கலைத்துவிட்டு எங்கே போவாள்?

ஒருவருடைய உருவத்தைக் கண்டு இளக்காரமாக எண்ணக்கூடாது என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். பெரிய தேர் ஓடுவதே சிறிய அச்சாணியால்தான் என்பது அவர் காட்டும் உவமை. எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தக் குறளை அவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தில் வைக்கவில்லை; செயலில் உறுதியைப் பேசும் 'வினைத்திட்பம்' அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அதாவது, உருவத்தைப் பார்த்து எடை போடுகிறவர் மரியாதை தவறுவது மட்டுமல்ல, ஆளையே தவறாகக் கணிக்கிறார்.

மறைக்கல்வி வகுப்பில் படித்த சாமுவேல் தீர்க்கதரிசியின் கதையும் நினைவுக்கு வருகிறது. பெத்லகேமில் ஈசாயின் மூத்த மகனுடைய உயரத்தைப் பார்த்து, இவனே அரசனாவான் என்று சாமுவேல் எண்ணிவிடுகிறார். மனிதர் புறத்தைப் பார்க்கிறார்கள், ஆண்டவரோ அகத்தைப் பார்க்கிறார் என்று அவருக்கு உணர்த்தப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே அதிகாரத்தில் சிறிது தள்ளி, தாவீது வந்து நின்றதும், அவன் கண்கள் அழகானவை, அவன் பார்க்க நன்றாக இருந்தான் என்று வேதாகமமே எழுதுகிறது! இதைச் சுட்டிக்காட்டியபோது சிஸ்டரும் சிரித்துவிட்டார்கள். கண்ணிருக்கும்வரை அழகு கண்ணில் படத்தான் செய்யும். அதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு.

ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றதும் கிறிஸ்துமஸ் நாடகம் நினைவுக்கு வருகிறது. எட்டாம் வகுப்பில் வேடங்களை நாங்களே பிரித்துக்கொண்டோம். தெளிவாக வசனம் பேசுகிற ஒருத்தி மாதா வேடம் கேட்டாள். "மாதாவுக்குக் கலர் வேணுமேடி" என்று சொல்லி அவளை இடையர் கூட்டத்தில் நிறுத்தினோம். மரியன்னை நாசரேத்து ஊரில் வாழ்ந்த யூதப் பெண் என்பதும், வெள்ளைவெளேரென்ற முகம் ஐரோப்பிய ஓவியர்கள் தந்தது என்பதும் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

தோலின் நிறத்திற்குக் காரணம் மெலனின் என்ற பொருள். வெயிலின் புறஊதாக் கதிர்கள் உள்ளே புகுந்து கேடு செய்யாமல் தடுப்பது அது. சூரியன் தலைக்கு நேரே காய்கின்ற நாட்டில் வாழ்கிறவர்களுக்கு அது நிறைய இருப்பது இயற்கை தந்த குடை. அந்தக் குடையைக் குறை என்று நமக்குக் கற்பித்து விற்பனை செய்தவர்கள் உண்டு. 1975-இல் இந்தியாவில் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சின் விளம்பரங்களில், நிறம் வெளுத்தால் வேலையும் வரனும் வரும் என்று காட்டினார்கள். பின்னர் எதிர்ப்பும் எழுந்தது. 2009-இல் நம் சென்னையிலிருந்தே 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு, கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதில் இணைந்தார். தோல் கறுத்தவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் அந்த முகப்பூச்சின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். டப்பாவின் பெயர் மாறிவிட்டது. "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்ற பேச்சு மட்டும் எங்கள் உறவினர் வீடுகளில் மாறியதாகத் தெரியவில்லை.

பெரிய பதவியும் இதற்குக் காப்பாக இருப்பதில்லை. சாரதா முரளீதரன் கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்தார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் அவருடைய கணவரே. இருவருடைய பணியையும் ஒப்பிட்ட ஒருவர், கணவருடைய நிறத்தையும் இவருடைய நிறத்தையும் வைத்துப் பேசினாராம். 2025 மார்ச் மாதத்தில் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். நான்கு வயதில் தம் தாயிடம், தம்மை மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத்தர முடியுமா என்று கேட்டதையும் அதில் நினைவுகூர்ந்தார். மாநிலத்தின் தலைமைச் செயலாளராக உயர்ந்த பிறகும் அந்த நான்கு வயது நினைவு அழியவில்லை!

எங்கள் வயதுப் பெண் ஒருத்திக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் 600-க்கு 591 மதிப்பெண் பெற்று ஒரு மாணவி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தாள். செய்தியில் அவள் படம் வெளியானதும், முகம் தெரியாத பலர் பேசியது மதிப்பெண்ணைப் பற்றியன்று. அவள் முகத்தில் இருந்த ரோமத்தைப் பற்றி. இரண்டொரு மதிப்பெண் குறைந்திருந்தால் இப்படிப் பிரபலமாகியிருக்கவும் மாட்டேன், இந்தப் பேச்சும் வந்திருக்காது என்ற பொருளில் அவள் பின்னர் சொன்னாள். பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களுக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. பருவ வயதில் சுரப்பிகளின் மாற்றத்தால் முகத்தில் எண்ணெய் கூடிப் பரு வருவதும், ரோமம் தோன்றுவதும், திடீரென உயர்வதும், இடுப்பு பெருப்பதும் எல்லோருக்கும் ஏதோ ஒரு விதத்தில் நேர்வதுதான். முகம் கழுவாததால் பரு வருகிறது என்பதும் உண்மையன்று.

சென்னையில் 2025 நவம்பரில் 'அதர்ஸ்' என்ற படத்திற்கான செய்தியாளர் கூட்டம் நடந்தது. அப்படத்தில் கதாநாயகியைக் கதாநாயகன் தூக்குவதாக ஒரு காட்சி. அதை வைத்து, கதாநாயகி என்ன எடை இருந்தார் என்பது போல ஒருவர் நாயகனிடம் கேள்வி கேட்டிருந்தார். '96' படத்தில் பள்ளி மாணவியாக நடித்த கௌரி கிஷன்தான் அந்த நடிகை. அந்தக் கேள்வி தம்மை இழிவுபடுத்துவது என்றும், தம் எடைக்கும் படத்திற்கும் என்ன தொடர்பு என்றும் அவர் நேரடியாகவே கேட்டார். சுற்றிலும் பலர் எதிர்த்துக் குரல் எழுப்பியும் அவர் பின்வாங்கவில்லை. நடிகர் சங்கமும் சென்னைப் பத்திரிகையாளர் மன்றமும் பின்னர் அவர் பக்கம் நின்றன. எங்களைக் கவர்ந்தது அவருடைய கோபமன்று. விளையாட்டாகக் கேட்டேன் என்ற சமாதானத்தை அவர் ஏற்காததே. நாங்களும் 'பூசணி' என்று விளையாட்டாகத்தானே சொன்னோம்?

அப்படியானால் வாயையே திறக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். திறக்கலாம், சில சமயம் திறந்தே ஆகவேண்டும். இதற்கு ஓர் எளிய அளவுகோலை எங்கள் வகுப்பில் கடைப்பிடிக்கிறோம். ஐந்து நிமிடத்தில் அவளே சரிசெய்துகொள்ளக்கூடியதைச் சொல்லலாம். முடியாததைச் சொல்வதில் பயனில்லை. பல்லிடுக்கில் கீரை, அவிழ்ந்த ரிப்பன், ஊக்கு கழன்ற துப்பட்டா, முதுகில் ஒட்டிய சுண்ணாம்பு ஆகியவற்றைப் பார்த்தும் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு. ஆனால் சொல்லும் முறை ஒன்று உண்டு. அவளிடம் மட்டும், மெல்லிய குரலில், சிரிக்காமல் சொல்ல வேண்டும்.

பெண்கள் பள்ளியில் படிக்கும் நமக்கு நன்கு தெரிந்த ஒரு சங்கடத்தைச் சொல்கிறோம். சீருடையின் பின்புறம் கறை பட்டிருப்பதைக் கண்டால் தூரத்திலிருந்து கை காட்டுவதோ, நாலுபேர் காதில் கிசுகிசுப்பதோ கூடாது. ஒருமுறை மாலையில் எங்களில் ஒருத்தி தாம்பரம் நிலையத்து நடைமேடையில் நின்றிருந்தாள். முன்பின் அறியாத ஓர் அக்கா அவள் பின்னால் வந்து ஒட்டி நின்றார். "திரும்பாதேம்மா, பையைப் பின்னால போட்டுக்கோ, என்னோட வா" என்று மட்டும் சொல்லிப் பெண்கள் காத்திருப்பு அறைவரை அப்படியே நடந்து வந்தார். தம் துப்பட்டாவையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தத் துப்பட்டா இன்னும் அவள் வீட்டில் மடித்து வைத்திருக்கிறது. தோற்றத்தைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட நல்ல முறையை நாங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பாராட்டும்போது, அவள் தேர்ந்தெடுத்ததையும் செய்ததையும் பாராட்டினால் தவறு வராது. "இந்தப் பின்னல் நல்லா இருக்கு, யார் பின்னிவிட்டாங்க?" என்றால் அம்மாவையும் சேர்த்துப் பாராட்டியதாகிவிடும். "அக்கா அளவுக்கு இல்லேன்னாலும் நீயும் அழகுதான்" என்பது பாராட்டே அல்ல. லீமா நகரத்துப் புனித ரோசாவின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். லீமா ரோஸ் என்ற பெயர் நம் வீடுகளில் புதிதன்று. 1586-இல் பிறந்த அப்புனிதை, எல்லோரும் தம் அழகையே பேசுவதைப் பொறுக்கமாட்டாமல் முகத்தில் மிளகைத் தேய்த்துக்கொண்டாராம். நாம் அப்படிச் செய்யவேண்டாம் என்று சிஸ்டர் உடனே சொன்னார்கள்! ஆனால் புகழ்ச்சி ஒரு பெண்ணை அவ்வளவு தூரம் துரத்தும் என்பதை அதிலிருந்து அறியலாம். அந்நியர் சொல்லும் புகழ்ச்சியோ வேறு கணக்கு. உடன் வேலை செய்யும் பெண்ணின் உடலமைப்பைப் பற்றிப் பேசுவது பாலியல் தொல்லையாகலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது.

நம்மைப் பற்றி யாராவது சொன்னால் என்ன செய்வது? தோழியானால், "அதைச் சொல்லாதேடி, எனக்குப் பிடிக்கல" என்று நேரே சொல்லிவிடலாம். பெரியம்மாவிடமும் அத்தையிடமும் அப்படிச் சொன்னால் வீட்டில் வேறு பிரச்சினை கிளம்பும். "ஆமாம் அத்தை, பரீட்சைக்குப் படிக்கிறேன் இல்லையா! உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் பேச்சு முழங்காலுக்குப் போய்விடும், அரைமணி நேரத்திற்குத் திரும்பி வராது.

இவ்விதழைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு சிறு விண்ணப்பம். விருந்தாளி ஒருவர் எங்களைப் பார்த்து "என்ன, பொண்ணு இப்படி இருக்கா?" என்று கேட்டால், "ஆமாங்க, சொன்னா எங்கே கேக்கிறா" என்று அவரோடு சேர்ந்துகொள்ளாதீர்கள். விருந்தாளி சொன்னது அவர் போனதும் மறந்துவிடும். அம்மா ஆமோதித்தது மறப்பதில்லை.

எங்கள் தோழியின் விஷயத்தில் நாங்கள் வாய்மூடி இருந்திருந்தால் சரியாகியிருக்குமா? இல்லை. இதை எங்களுக்குள் வெகுநேரம் விவாதித்தோம். உடம்பைப் பார்த்தோமே தவிர அவளைப் பார்க்கவில்லை. "இவ்வளவு தண்ணி குடிக்கிறியே, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? சிஸ்டர்கிட்ட சொல்லலாமா?" என்று ஒருத்தி தனியாக அழைத்துக் கேட்டிருந்தால், இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போயிருப்பாள். அதைக் கேட்க எங்களுக்கு மூன்று பாட்டில் போதிய காரணமாக இருந்தது. பெல்ட்டின் ஓட்டையை எண்ணியிருக்க வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பிய நாளன்று, அவளிடம் என்ன சொல்வது என்று நாங்கள் முன்னதாகவே ஒத்திகை பார்த்திருந்தோம். 'தேறிட்டே' என்று சொல்லக்கூடாது, 'இளைச்சே' என்றும் சொல்லக்கூடாது, ஊசியைப் பற்றி அவளே சொல்லும்வரை கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அவள் வாயிலில் நுழைந்ததும் எல்லோரும் ஊமைகள் போல நின்றோம். அவளும் நின்றாள். கடைசியில் எங்களில் ஒருத்தி, "ரிப்பன் அவிழ்ந்திருக்குடி" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டு, கட்டிவிடும்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.